இருட்டில் வெளுத்த கோட்டு

எல்லோரும் சுகமா? மழையில் நனைந்தவர்களுக்குச் சளி இறங்கிவிட்டதா? கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சொட்டு மருந்தை மறக்காமல் விட்டுக்கொள்கிறீர்களா? கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சொல்லப்போவதும் கண் சமாசாரம்தான். கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள், பாதியில் எழுந்து போகிற கதை இல்லை இது.

ஒரு காமிராக்காரி இருந்தாள். படம் எடுக்கிறவள் இல்லை, ரிப்பேர் பார்க்கிறவள். கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரருடையது. நடுவில் பிளைவுட் தடுப்பு. இவள் தும்மினால் அவர் அங்கிருந்து "நூறு வயசு" என்பார்.

எல்லாரும் போனிலேயே படம் எடுக்க ஆரம்பித்த பிறகு ரிப்பேர் குறைந்துபோனது. அப்போதுதான் அவள் இருட்டுக் காமிரா செய்ய ஆரம்பித்தாள். வீட்டில் தூங்குகிற பழைய சின்னக் காமிராவைத் திறப்பாள். முதலில் ஃப்ளாஷுக்குள் தேங்கியிருக்கும் மின்சாரத்தை ஸ்க்ரூடிரைவரால் 'பட்'டென்று இறக்குவாள், இல்லாவிட்டால் கையைத் தூக்கி அடித்துவிடும். உள்ளே, படம் விழுகிற சில்லுக்கு முன்னால் நீலமாக ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு வெளிச்சத்தை அந்தத் துண்டுதான் தடுக்கிறது. அதைப் பெயர்த்துவிட்டு, அதே கனத்தில் வெறும் கண்ணாடியை வைப்பாள். கனம் மயிரிழை மாறினால்கூடப் படம் கலங்கிவிடும். முன்னால் உடைந்த பைனாகுலரின் ஒரு பாதி, பின்னால் பழைய வீடியோ காமிராவிலிருந்து கழற்றிய ஒற்றைக்கண் திரை, சுற்றிலும் அந்தச் சிவப்பு வெளிச்சம் விடுகிற குட்டி பல்புகள். எல்லாவற்றையும் குளியலறைக்குப் போடுகிற ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் அடக்கி, உள்பக்கம் கறுப்படித்துக் கொடுப்பாள். கும்மிருட்டில் அதைக் கண்ணில் வைத்தால் பட்டப்பகல் மாதிரி தெரியும். ஆந்தை பார்க்கிறவர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் தேடி வந்து வாங்கினார்கள்.

இவளுக்கு ஒரு தங்கை. பாவம், புருஷன் கை நீட்டுகிறவன். இரண்டாவது தடவை தோள்பட்டை எலும்பு முறிந்தபோது அக்கா கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் புகாரும் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர்கள் சமாதானம் பேசி, அவன் கூடவே திருப்பி அனுப்பினார்கள். "அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போகவேண்டி இருக்காது" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம். அதற்குப் பிறகு தங்கை ஒரு நாள் செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தாள். அக்கா அவளை ஊரின் மறுகோடியில், தெருவிளக்கு இல்லாத ஒரு சந்தில், ஐந்து மாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒளித்துவைத்தாள். போன் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் இருட்டிய பிறகு அக்கா சாப்பாடு கொண்டுபோவாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒரு கறுப்புக் கோட்டு வாங்கிவைத்திருந்தாள். நைலான் துணி, முட்டிக்குக் கீழே வரும். இருட்டோடு இருட்டாகப் போய் வருகிறோம் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆள் வந்தான். சுத்தமான சட்டை, மெதுவான பேச்சு.

"காட்டுப் பன்னி தொல்லைக்கா. ராத்திரியில வந்து வயலை உழுதுட்டுப் போயிடுது. எது வழியா வருதுன்னு பார்க்கணும்."

தொழில் என்று வந்துவிட்டால் காமிராக்காரிக்கு வாய் நிற்காது. "எவ்ளோ தூரத்துலேர்ந்து பார்ப்பீங்க? அதைச் சொன்னாத்தான் பல்பு எத்தனைன்னு சொல்ல முடியும்."

"எண்பது தப்படி இருக்கும்."

"நிலா வெளிச்சம் விழுமா? பின்னாடி மரமா, வெட்டவெளியா?"

"வெளிச்சமே கிடையாது. பின்னாடி வெள்ளைச் சுவரு."

"பன்னிக்கு எதுக்குங்க வெள்ளைச் சுவரு?"

"பம்பு ரூமுக்கா" என்று அவனும் சிரித்தான்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜெராக்ஸ்காரர் குரல் கொடுத்தார். "பன்னிக்கு போட்டோ எடுத்தா ரெண்டு காப்பி நம்மகிட்ட போடுங்க சார், கல்யாணத்துக்கு உதவும்."

அன்றையிலிருந்து அவன் பெயர் பன்னிக்காரர். மூன்று நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்போக்கா கடை மூடுவீங்க?" என்று கேட்டான். "செவ்வாய், வெள்ளி மட்டும் சீக்கிரம் மூடிடுவேன்" என்று இவளும் சொல்லிவைத்தாள். திங்கட்கிழமை வாங்கிக்கொண்டு போனவன், வியாழக்கிழமை காலையில் அதைத் திரும்பக் கொண்டுவந்தான்.

"படம் பிரமாதம்க்கா. ஆனா பல்பு லேசா செவப்பா எரியுது. பார்த்துடுறாங்க."

"யாரு பார்த்துடுறாங்க?"

காமிராவை அவள் பக்கம் தள்ளினான். "பன்னிதான்."

காமிராக்காரிக்கு ஏனோ சுருக்கென்றது. பல்பை நேராக உற்றுப் பார்த்தால் சிகரெட் நுனி மாதிரி மங்கலாக ஒரு சிவப்பு தெரியும், உண்மைதான். ஆனால் பன்னிக்கென்று இதே காமிராவை அவளிடம் ஏழு பேர் வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தர்கூடப் பன்னி நிமிர்ந்து பார்த்ததாகச் சொன்னதில்லை.

"சுத்தமா தெரியாத பல்பு இருக்குங்க. ஆனா அதைப் போட்டா தூரம் பாதியாக் குறைஞ்சிடும்."

"பரவாயில்லக்கா. கிட்ட போய்க்கிறேன்" என்றான் அவன். "நாளைக்கு நாலு மணிக்கு வாங்கிக்கிறேன்."

அவன் மெமரி கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் போனான். விவரமான ஆள். ஆனால் அந்தக் காலத்துச் சின்னக் காமிராக்களில் ஒரு விஷயம் உண்டு, திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கார்டு சரியாக உட்காராவிட்டால், காமிரா தன் வயிற்றுக்குள்ளேயே நாலைந்து படத்தைப் போட்டு வைத்துக்கொள்ளும்.

மத்தியானம் பல்பை மாற்றிவிட்டுச் சோதிக்க உட்கார்ந்தாள். கார்டு போடவில்லை. பட்டனை அழுத்தியதும் ஒற்றைக்கண் திரையில் நாலு படம் வந்தது.

முதல் படத்தில் ஒரு சந்து, ஒரு நாய். நாயின் கண் இரண்டும் பொட்டுப் பொட்டாக எரிந்தன. இரண்டாவதில் வெள்ளைச் சுவர், திறந்த மாடிப்படி, பையோடு ஏறுகிற ஒரு கிழவர். வயலும் இல்லை, பன்னியும் இல்லை. மூன்றாவதில் வெள்ளைவெளேரென்று நீளக் கோட்டுப் போட்ட ஒரு பெண், இரண்டாவது மாடித் திருப்பத்தில், முதுகு மட்டும் தெரிகிறது. நாலாவதில் அந்தக் கிழவரே கைப்பிடியில் சாய்ந்து, நேராகக் காமிராவைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கிறார். சிவப்பைப் பார்த்துவிட்டு யாரென்று சத்தம் போட்டிருக்க வேண்டும்.

"யாரோ ஒரு நர்ஸம்மா பின்னாடி அலையிறான் போலிருக்கே" என்று காமிராக்காரி வாய்விட்டே சொன்னாள். அந்த வெள்ளைக்கோட்டுப் பெண்ணுக்காக அவளுக்கு மனசு பதறியது. அவளை எப்படியாவது கண்டுபிடித்து எச்சரிக்க வேண்டும் என்று மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

திருப்பத்தில், சுவரோடு சாய்ந்து, உடைந்த உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று நின்றது. பெடல் ஒன்று இல்லை.

அந்தப் பெடல் இல்லாத பக்கத்தில்தான் அவள் செவ்வாயும் வெள்ளியும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போவாள்.

பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய தன் கறுப்புக் கோட்டைப் பின்னறைக்குள் கொண்டுபோய் மாட்டினாள். கதவைச் சாத்தினாள். மை இருட்டு. குழாயைக் கண்ணில் வைத்தாள்.

கோட்டு வெள்ளையாக எரிந்தது. சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி, தும்பைப்பூ மாதிரி.

சாயம் அப்படி. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற எத்தனையோ துணி, அந்த வெளிச்சத்துக்கு வெறும் வெள்ளை. இது அவளுக்குத் தெரியாததா? வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிற விஷயம்தான். ஆனால் தான் போட்டுக்கொண்டு போகிற துணி என்று வரும்போது தோன்றவே இல்லை. ஒளிவதற்கென்று வாங்கியதை மாட்டிக்கொண்டு விளக்குக் கம்பம் மாதிரி மாடி ஏறியிருக்கிறாள்.

எண்பது தப்படி, வெளிச்சமில்லை, வெள்ளைச் சுவர். எல்லாம் அவனே சொன்னது, இவளே ரசீதில் எழுதியது. சந்துக்கு எதிரே பாதியில் நின்றுபோன கட்டடம் ஒன்று உண்டு. அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். தங்கை புருஷன் அனுப்பிய ஆள். சந்து வரைக்கும் பின்தொடர்ந்தவனுக்கு அதற்கு மேல் இருட்டில் கண் தெரியவில்லை. கண்ணை இவளே செய்து கொடுத்திருக்கிறாள்.

இப்போதே ஓடிப்போய்த் தங்கையைக் கூட்டிவரலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். வாசலில் நின்றுவிட்டாள். எதிர்ச் சாரியில் நாலைந்து பேர் நின்றார்கள். அவன் அதில் இல்லை. ஆனால் அவன் ஒருத்தன்தானா? தான்தான் நூல், தான் போனால் நூலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று புரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தடுப்பைத் தட்டினாள்.

ஜெராக்ஸ்காரர் முழுவதையும் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவில் ஜோக் அடிக்கவில்லை.

"நம்ம வீட்டுக்காரம்மா ஓட்டுற ஸ்கூல் வேன் அந்தப் பக்கம்தானே போவுது" என்றார். "அந்தச் சந்துல மூணு பிள்ளைங்களை இறக்குறா. தினம் வர்ற வேன், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டான். இன்னைக்கு வேன் கிளம்பிடுச்சு. நாளைக்கு நாலரைக்கு அங்க நிக்கும். பிள்ளைங்க இறங்கினதும் உன் தங்கச்சி ஏறிக்கட்டும்."

"தெரியாத ஆளுக்குக் கதவைத் திறக்கமாட்டாண்ணே."

"என்ன சொன்னாத் திறப்பா?"

"எலிக்குட்டின்னு கூப்பிடச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேரைத் தவிர அந்தப் பேரு யாருக்கும் தெரியாது." பிறகு சொன்னாள்: "அண்ணே, இன்னொண்ணு. எங்க கொண்டுபோய் விடுறீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. நான் அழுது கேட்டாக்கூடச் சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"என் வாய் எனக்குத் தெரியும்."

காமிராவைக் கெடுத்துக் கொடுக்கலாமா என்றும் அன்று ராத்திரி முழுக்க யோசித்தாள். கெடுத்தால் சந்தேகப்படுவான், வேறு வழி தேடுவான். நன்றாக வேலை செய்தால்தான் அதை நம்பி அந்தச் சந்திலேயே உட்கார்ந்திருப்பான். அதனால் ஒழுங்காகவே செய்தாள். படத்தை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரவேண்டியவன் மூன்றரைக்கே வந்துவிட்டான்.

"ரெடியாக்கா?"

"ஆச்சு. ஆனா சோதிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றாள். நேரத்தைத் தள்ள வேண்டுமே. பின்னறைக்கு அழைத்துப் போனாள். அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, தான் எதிர்ச் சுவரோடு நின்று, கதவைச் சாத்தினாள்.

இருட்டு. முன்பிருந்த அந்தச் சிகரெட் நுனிச் சிவப்புகூட இல்லை. அதை எடுத்ததே அவள்தானே. அவன் எங்கே பார்க்கிறான், பார்க்கிறானா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"நல்லாத் தெரியுதுக்கா" என்றது குரல். "உங்க கண்ணு ரெண்டும் வெள்ளையா எரியுது. ரொம்ப சிமிட்டுறீங்க."

"தூசிங்க."

"கையை ஏன் பிசையிறீங்க?"

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஸ்டூல் கிறீச்சிட்டது. குழாயைத் திருப்புகிறான் போல.

"அந்த வெள்ளைக் கோட்டு யாருதுக்கா?"

நேற்று மாட்டியதை எடுக்க மறந்திருந்தாள்.

"அது வெள்ளை இல்லீங்க, கறுப்பு" என்றாள். பத்து வருஷப் பழக்கம், வாடிக்கையாளர் கேட்டால் நாக்கு தானாகப் புரளும். "இந்த வெளிச்சத்துல சில சாயம் அப்படித்தான். கறுப்பெல்லாம் வெள்ளையாத் தெரியும்."

அவன் மூச்சு நின்றது மாதிரி இருந்தது.

"ஓ" என்றான். ஸ்டூல் மறுபடியும் கிறீச்சிட்டது. "அப்படியா விஷயம்" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவனுக்குத் தெரிந்திருக்கவில்லை! கறுப்புக் கோட்டுக்காரி சந்துக்குள் போனாள், மாடி ஏறியது வெள்ளைக் கோட்டுக்காரி, யாரோ வேறொருத்தி என்று அவனும் நினைத்திருக்கிறான். எந்தக் கட்டடம் என்பதே நிச்சயமாகாமல்தான் திரும்பி வந்திருக்கிறான். அதை இப்போது இவள் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கதவைத் திறந்தாள். வெளிச்சத்தில் அவன் முகம் மலர்ந்து, நல்ல மனுஷன் முகம் மாதிரியே இருந்தது. "கிளம்புறேன்க்கா. அவசர வேலை."

சுவரில் மணி மூன்று ஐம்பது. வேன் இன்னும் பள்ளிக்கூட வாசலையே தாண்டியிருக்காது.

"இருங்க, இருங்க. கொண்டாங்க அதை" என்று அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். "உள்ளே வச்ச கண்ணாடிக்குப் பசை காயலை. இப்படியே எடுத்துட்டுப் போனா நாலு தெரு தாண்டுறதுக்குள்ள நகர்ந்துடும். அப்புறம் எல்லாம் கலங்கித்தான் தெரியும்."

"இப்போ நல்லாத்தானே தெரிஞ்சுது?"

"இப்போ தெரியும். ராத்திரி தெரியாது. உங்க பன்னி வந்து நிக்கறப்போ என்னைத் திட்டுவீங்க."

சொல்லிக்கொண்டே நாலு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டாள். கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுத்து, துடைத்து, ஊதி, மறுபடியும் துடைத்து, பசையை ஊசிமுனையால் தொட்டு வைத்தாள். டார்ச்சை அவன் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அவன் பிடித்தான். டார்ச்சின் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மேஜையிலிருந்து அவள் முகத்துக்கு ஏறியது, பிறகு மூலையில் இருந்த சாப்பாட்டுத் தூக்குக்கு இறங்கியது.

"யாருக்காவது சாப்பாடு கொண்டுபோவீங்களாக்கா? பெரிய பாத்திரமா இருக்கே."

"வயசான அத்தை ஒருத்தி இருக்காங்க."

"நல்ல மனசு உங்களுக்கு."

நாலு நாற்பத்தைந்துக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. ஜெராக்ஸ்காரர் ஒரே ஒரு "சரி" சொன்னார். பிறகு தடுப்பைத் தட்டி, "தங்கச்சி, பேப்பர் வந்து இறங்கிடுச்சு. நீ கேட்ட கட்டு பத்திரமா இருக்கு" என்றார்.

"சரிண்ணே" என்று கடைசி ஸ்க்ரூவை முடுக்கினாள் காமிராக்காரி.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கிளம்பிப் போகிறவளுக்கு நேரம் வேண்டும். இரண்டு நாள் பயணம், புது ஊர், புது வாசல். அவள் இன்னும் அந்த நாலாவது மாடியில்தான் இருக்கிறாள் என்று தேடுகிறவர்கள் எத்தனை நாள் நினைக்கிறார்களோ அத்தனை நாள் லாபம். அதனால் காமிராக்காரி அன்றைக்கும் சீக்கிரம் கடையை மூடினாள். அதே கோட்டை மாட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அதே சந்தில் நடந்தாள்.

எதிர்க் கட்டடத்தில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் கறுப்பு. ஆனால் தன் மேல் ஒரு வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முதுகுத் தோல் கூசியது. திரும்பிப் பார்க்காமல், சைக்கிளைத் தாண்டி, நாலாவது மாடிக்கு ஏறினாள். பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டாள். கட்டிலில் போர்வை பாதி மடித்தபடி கிடந்தது. இரண்டு தட்டு வைத்தாள். யாரும் இல்லாத அறையில், கொஞ்சம் சத்தமாகவே, "சாப்பிடுடி எலிக்குட்டி, ஆறிடப்போவுது" என்றாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் ஜெராக்ஸ்காரரிடம், "அண்ணே, போய்ச் சேர்ந்துட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள்.

"யாரு?" என்றார் அவர், காகிதத்தை அடுக்கிக்கொண்டே. முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமையும் போனாள். இரண்டு தட்டும் வைத்தாயிற்று, முதல் வாய் எடுக்கவில்லை, கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத தட்டு.

திறந்தாள். தங்கை புருஷன் நின்றான். பின்னால் படியில், கழுத்தில் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு, பன்னிக்காரர்.

"சௌக்கியமா அண்ணி?"

"வாங்க மாப்பிள்ளை" என்றாள். வேறு என்ன சொல்வது?

அவன் செருப்போடு உள்ளே வந்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அலமாரியைத் திறந்தான். குளியலறைக் கதவை விரலால் தள்ளினான். ஒன்றையும் உடைக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை.

"எங்க அவ?"

"தெரியாது."

"அண்ணி, நான் மரியாதையா கேக்குறேன்."

"நானும் மரியாதையாத்தான் சொல்றேன் மாப்பிள்ளை. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அவன் அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்து பார்த்தான். பொய்யைத் தேடினான். இத்தனை மாதமாக அவள் அவனிடமும் அவன் ஆளிடமும் சொன்னதெல்லாம் பொய். அத்தை பொய், வேலை பொய், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றது பொய். இன்றைக்குத்தான் முதல் முதலாக நிஜத்தைச் சொல்கிறாள். அது அவன் கண்ணுக்குத் தட்டுப்பட்டதோ என்னவோ, நிமிர்ந்தான்.

மேஜையைப் பார்த்தான். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர்.

"வரப்போறா, அதானே?" என்றான். "கடைக்கு கிடைக்குப் போயிருக்கா. பார்த்ததும் ஓடிடுவான்னு பயப்படுறீங்க."

அவள் உதடு துடித்தது, அதை அடக்கவில்லை. பயப்படுகிறவள் மாதிரியே நின்றாள், பயமும் இருந்தது.

அவன் படியிலிருந்தவனுக்குக் கண்ணைக் காட்டினான். அந்த ஆள் விளக்கை அணைத்துவிட்டு வாசலருகே போய், குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு படியைப் பார்த்தபடி நின்றான். இருட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தங்கையின் தட்டுக்கு முன்னால் அவள் புருஷன் உட்கார்ந்தான்.

"நானும் வெயிட் பண்றேன் அண்ணி. சாப்பிடுங்க, ஆறிடும்."

காமிராக்காரி தடவித் தடவித் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே அவன் மெல்லுகிற சத்தம். எழுந்து போய்விடு என்று அவள் மனசு சொல்லவில்லை. உட்காரு, என்றது. விடிகிற வரைக்கும் உட்காரு.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில் செய்துகொடுத்த ஒன்று வேறு யார் கைக்காவது போய், உங்களையே திரும்பிப் பார்த்தது உண்டா? சந்தேகம் தட்டியும் பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டு அப்புறம் கைகால் உதறியவர்கள் இருக்கிறீர்களா? நடந்ததை எழுதி அனுப்புங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. பெயர், ஊர், தெரு மட்டும் வேண்டாம்.